மாமாவோட கப்பல் மத்தாப்பு

அம்மா இன்னமும் சொல்லிக்கிட்டுதான் இருக்காங்க, "அதுல ஒண்ணையாவது வச்சிருந்திருக்கலாம்டி"ன்னு. நான் ஒவ்வொரு தடவையும் ஒரு பதில் சொல்றேன், அந்தப் பதில் எனக்கே பாதிதான் சரியா படுது. அதான் எழுதி பாக்கலாம்னு உக்காந்தேன். விஷயம் என்னான்னா, கடல்ல கப்பல் முங்கறப்ப ஒதவிக்கு கூப்புட கொளுத்துவாங்களே ஃப்ளேர், செவப்பு வெளிச்சம், அது பத்து எங்க வீட்டு அடுப்புக்கு நேர் மேல, பரண்ல, கிட்டத்தட்ட பதினெட்டு வருஷமா இருந்திருக்கு. நாங்க இருக்கறது அப்புத்தளைக்குப் பக்கத்துல ஒரு தேயிலத் தோட்டம். கடல்மட்டத்துல இருந்து 1400 மீட்டர் மேல. கப்பலுக்கும் எங்களுக்கும் என்னா சம்பந்தம்னு கேப்பீங்க, போலீஸும் அததான் கேட்டுச்சி, அத அப்பறம் சொல்றேன்.

மாமா, அம்மாவோட தம்பி, கல்யாணம் கட்டல. 1998ல கொழும்புக்குப் போனவரு, மொதல்ல ஒரு சாப்பாட்டுக் கடை, அப்பறம் யாரோ சொல்லி லைஃப் ராஃப்ட் சர்வீஸ் பண்ற ஒரு எடத்துல சேந்தாரு. கப்பல்ல வெள்ளையா பீப்பா மாதிரி ஓரத்துல கட்டி வச்சிருப்பாங்க, தண்ணில விழுந்தா தானா ஊதி படகாயிரும், அதுதான் ராஃப்ட். அத வருஷத்துக்கு ஒரு தடவ எறக்கி, பிரிச்சி, காத்தடிச்சி, ஓட்ட இருக்கான்னு பாத்து, உள்ள இருக்கற சாமான எல்லாம் தேதி பாத்து மாத்தி, திரும்ப மடிச்சி வைக்கணும். பெரிய கப்பல் ராஃப்ட்டுக்குள்ள தண்ணி பாக்கெட்டு, பிஸ்கட்டு, மீன் புடிக்கற தூண்டி, அதோட நாலு பாராசூட் ராக்கெட்டு, ஆறு கை ஃப்ளேர், ரெண்டு புகை டின்னு இருக்கும். இத மாமா எனக்கு ஏழெட்டு வயசுலயே வாய்ப்பாடு மாதிரி சொல்லி குடுத்திருக்காரு. "நாலு, ஆறு, ரெண்டு." தூண்டி எதுக்கு மாமான்னு கேட்டா, "எத்தன நாளைக்கு பாப்பா பிஸ்கட்டே திங்கறது"ன்னுவாரு.

அந்த ஃப்ளேருக்கெல்லாம் தேதி உண்டு. பொதுவா செஞ்சதுல இருந்து மூணு வருஷம்தான், அமெரிக்காவுல சின்ன போட்டுகளுக்கு 42 மாசம்னு கணக்கு. அடுத்த சர்வீஸுக்குள்ள தேதி முடியற மாதிரி இருந்தா இப்பவே எடுத்துட்டு புதுசு போட்டுருவாங்க. எடுத்தது? அதுதான் பிரச்சின. ஒவ்வொரு ராஃப்ட்டுக்கும் பன்னெண்டு உருப்படி, வருஷம் முழுக்க எத்தன ராஃப்ட்டு. மூலைல குவிஞ்சிக்கிட்டே இருக்குமாம். அந்தக் குவியல்ல இருந்துதான் எங்க மாமா லீவுக்கு வரும்போது பேக்குல உடுப்புக்கு நடுவுல ரெண்டு மூணு சொருவிட்டு வந்திருக்காரு. இது தப்பு. பஸ்ல, அத்தன சனத்தோட, எட்டு மணி நேரம். அவரு செத்துட்டாருங்கறதுக்காக நான் அத மறைக்கப் போறதில்ல.

சிவன் கண்ண தொறந்த ராத்திரி

எதுக்கு கொண்டாந்தாருன்னு லயத்துல, அதான் எங்க தோட்டத்து வரிசை வீடுங்கள்ல, எல்லாருக்கும் தெரியும். காமன் கூத்துக்கு. 2006 மாசி, எனக்கு பன்னெண்டு வயசு. ரதியும் மன்மதனும் ஆடி முடிஞ்சி சிவன் நெத்திக்கண்ண தொறக்கற எடத்துல வழக்கமா மண்ணெண்ண பந்தத்துல ஊதி ஒரு தீ காட்டுவாங்க. அந்த வருஷம் சிவன் வேஷக்காரருக்குப் பின்னால மாமா நின்னு, கைய நல்லா நீட்டி, காத்து போற பக்கமா திரும்பிக்கிட்டு ஒண்ண இழுத்தாரு பாருங்க. சர்ர்ருனு ஒரு சத்தம், அப்பறம் செவப்பு. நான் அதுக்கு முன்னயும் அப்பிடி ஒரு செவப்பு பாத்ததில்ல, பின்னயும் இல்ல. லயத்துத் தகரம், தேயில, பீலித் தண்ணி, ஆளுங்க மொகம், எதிர்ப்பக்க மலை, எல்லாம் ரத்தத்துல முக்கி எடுத்த மாதிரி. கெழவிங்க நெசமாவே கும்புட்டாங்க. ஒரு நிமிஷம் எரிஞ்சிருக்கும். கணக்கும் அதுதான், கை ஃப்ளேர் கொறஞ்சது ஒரு நிமிஷம் எரியணும், 15,000 கண்டேலா வெளிச்சம் குடுக்கணும்னு சோலாஸ்ல, அதான் கடல்ல உயிர் காக்க உலக நாடுங்க சேந்து போட்ட விதில, இருக்கு. பத்து சென்டிமீட்டர் தண்ணிக்குள்ள பத்து செகண்ட் முக்குனாலும் அணையக்கூடாதுன்னும் இருக்கு. செவப்பு வர்றது ஸ்ட்ரொன்சியம் உப்புல, அந்தக் கண்ணக் கூசற வெளிச்சம் மெக்னீசியத்துல. அன்னைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாது. எங்க மாமா சிவனவிட பெரிய ஆளுன்னு மட்டும் தெரியும்.

முடிஞ்சப்ப கீழ சொட்டுன இடத்துல புல்லு கருகி, மண்ணு கண்ணாடி மாதிரி கட்டியாயிருந்துச்சி, அத நாங்க பசங்க மறுநாள் காலால ஒதச்சி பாத்தது ஞாபகம் இருக்கு. "கப்பல் மத்தாப்பு"ன்னு பேரு வந்தது அன்னைலேர்ந்துதான். அடுத்த வருஷம் எல்லாரும் எதிர்பாத்தாங்க. மாமா கொளுத்தல. அதுக்கடுத்த வருஷமும் இல்ல. கேட்டா "தீந்துருச்சி"ன்னுட்டாரு.

தீரல. 2024 தை மாசம் கூரத் தகரம் மாத்தும்போது பரணக் காலி பண்ணினோம். பழைய வெறகு, உடஞ்ச கூடை, பாட்டியோட கொழுந்துப் படங்கு, அதுக்கெல்லாம் பின்னால மூடி போட்ட நீல பிளாஸ்டிக் கேன் ஒண்ணு, மேல பூரா பொகக்கரி. அக்கா மகன்தான் தொறந்தான், பத்தொம்போது வயசு. "சித்தி, இங்க பாரேன்"னு அவன் கத்துன சத்தத்துல நான் பாம்புதான்னு நெனச்சேன்.

நாலு ராக்கெட்டு, அஞ்சு கை ஃப்ளேர், ஒரு புகை டின்னு. ராக்கெட்டு ஒரு அடி நீளத்துக்குக் கொழா, மேலயும் கீழயும் மூடி. ரெண்டு கொழால மூடி ஓரம் வெள்ளையா பூத்துப் போயிருந்துச்சி. ஒரு கை ஃப்ளேரு உப்பி இருந்துச்சி, அத பாத்தப்பதான் எனக்கு வயித்துல என்னமோ பண்ணுச்சி. ஏன்னா யோசிச்சி பாருங்க, இது அடுப்புக்கு மேல. மாமா 2015ல வேலைய விட்டுட்டு வந்து அந்த அடுப்புல குளிர் காஞ்சிக்கிட்டு நாலு வருஷம் உக்காந்திருந்தாரு, 2019ல செத்துப் போனாரு. அப்பறம் கேஸ் வாங்கி குடுத்தோம். 2021 கடைசில நாடு முழுக்க கேஸ் அடுப்பு வெடிக்குதுன்னு நியூஸ் வந்துச்சில்ல, அம்மா பயந்துபோயி சிலிண்டர வெளிய தூக்கி வச்சிட்டு திரும்ப வெறகுக்குப் போயிட்டாங்க. 2022ல கேஸே இல்ல. அப்ப வெடிக்கும்னு பயந்து கேஸ விட்டுட்டு, தலைக்கு மேல பத்து ஃப்ளேர வச்சிக்கிட்டு ரெண்டு வருஷம் ரொட்டி சுட்டிருக்காங்க எங்க அம்மா.

ஒண்ணே ஒண்ணு சித்தி

அக்கா மகனுக்கு அதெல்லாம் ஒரு விஷயமே இல்ல. மாசில காமன் வருது, 2006 கதைய கேட்டு கேட்டே வளந்தவன், இப்ப கையில ராக்கெட்டு. "ஒண்ணே ஒண்ணு சித்தி, க்ரவுண்ட்ல வச்சி." அவனோட சேக்காளிங்க மூணு பேரு இஸ்தோப்புல, அதான் முன் திண்ணைல, வந்து உக்காந்துட்டாங்க. எனக்கும் ஆச இல்லன்னு சொன்னா பொய். அந்தச் செவப்ப திரும்ப ஒரு தடவ பாக்கணும்னு எனக்கு இல்லாத ஆசையா.

மாமாவோட வேல செஞ்ச ஒரு அண்ணன் கொழும்பு முகத்துவாரத்துல இருக்காரு, செத்த வீட்டுக்கு வந்தவரு, நம்பர் இருந்துச்சி. கூப்புட்டேன். மொதல்ல அரை நிமிஷம் ஒண்ணும் பேசல. அப்பறம் கேட்டாரு, "தங்கச்சி, அது இப்ப எங்க இருக்கு, அடுப்புப் பக்கமா?" இஸ்தோப்புலன்னேன். "வெயில் படாத, காஞ்ச எடமா, வீட்ட விட்டு தூரமா வைங்க, மூடியத் தொறக்காதீங்க, கயித்த தொடாதீங்க, பொடியங்கள விரட்டுங்க. அப்பறம் பேசுவோம்." காலைல வேலைக்கு ஆளு கூடற பெரட்டுக்களத்துப் பக்கம் பூட்டிக் கெடந்த பழைய உரக் காம்பரால கொண்டுபோயி வச்சிட்டு திரும்ப எடுத்தேன்.

அவரு சொன்னதுதான் எனக்கு மண்டைல நின்னுச்சி. தேதி முடிஞ்ச ஃப்ளேரு செத்துப்போனது இல்ல. பாதிக்கு மேல நல்லாவே எரியுமாம், அவரு பாத்திருக்காரு. ஆனா எது எரியும், எது இழுத்து ஒரு நிமிஷம் சும்மா இருந்துட்டு கைல வெடிக்கும், எது மேல போகாம கீழயே சீறும்னு வெளிய இருந்து பாத்து யாராலயும் சொல்ல முடியாது. ஈரம் எறங்கினா உள்ள இருக்கற மருந்து கட்டி தட்டிரும், விரிசல் விட்டுரும், ஒரே சீரா எரியாது. எங்க மலையப் பத்தி தெரியாதா உங்களுக்கு, ஆறு மாசம் பனி மூட்டம், துணி காயாது, அதுக்கு கீழயே தெனம் அடுப்புச் சூடு. ஒரு பொருள கெடுக்கணும்னு திட்டம் போட்டு வச்சாலும் இவ்வளவு நல்லா வச்சிருக்க முடியாது.

ராக்கெட்டு விஷயம் இன்னும் மோசம். அது 300 மீட்டருக்குக் கொறயாம மேல போகணும், அங்க பாராசூட் விரிஞ்சி 40 செகண்டாவது எரியணும், செகண்டுக்கு அஞ்சு மீட்டருக்கு மேல வேகமா எறங்கக்கூடாது. பெருக்கி பாருங்க, 200 மீட்டர் எறங்கறதுக்குள்ள அணைஞ்சிரும், கடலுக்கு இன்னும் நூறு மீட்டர் இருக்கும், அதனால எரியற துண்டு படகு மேல விழாது. கணக்கு கடலுக்கு சரி. எங்க எடத்துல க்ரவுண்டுல இருந்து விட்டா எதிர்ல மலை ஏறிக்கிட்டே போகுது, முன்னூறு மீட்டர் உசரத்துலயும் மலைதான் இருக்கு. அதுல கீழ்ப்பக்கம் மானாப்புல்லு, மேல்பக்கம் பைனஸ். மாசில. ஒரு பீடி துண்டுக்கே பத்திக்கிட்டு ரெண்டு நாளு எரியற மலை அது. இத அக்கா மகனுக்கு தாளுல வரஞ்சி காட்டினேன். மலைய ஒரு கோடு, ராக்கெட்ட ஒரு கோடு. ரெண்டு கோடும் முட்டற எடத்த பாத்துட்டு பய ஒண்ணும் பேசல. சேக்காளிங்க எந்திரிச்சி போயிட்டாங்க. என்ன கஞ்சப்பிசினாரின்னு பேசிக்கிட்டதா அக்கா சொன்னா, பேசட்டும்.

சரி, கொளுத்தல. அப்ப என்னா பண்றது? இங்கதான் ஆளாளுக்கு யோசன. தண்ணில ஊறப் போட்டா நமத்துரும்னு பக்கத்து வீட்டு அண்ணன். அந்த முகத்துவாரத்து அண்ணன் அதுக்கு ரொம்ப கோவப்பட்டாரு. கடலுக்குன்னு செஞ்ச பொருளு, தண்ணி போகாத மாதிரிதான் மூடியிருக்கும், மாசக்கணக்குல ஊறினாலும் உள்ள காஞ்சே இருக்கலாம், அத நம்பி எடுத்து ஒடச்சா போச்சி. அப்பிடியே தண்ணி போனாலும் மருந்துல இருக்கற பெர்குளோரேட்டு உப்பு கரஞ்சி வெளிய வரும், அது தைராய்டுக்கு அயடின் போறத தடுக்கற சாமான். எங்க குடிதண்ணி மலைல இருந்து வர்ற பீலித் தண்ணிதான். பொதைக்கலாம்னு இன்னொருத்தர், எங்க பொதைக்கறது, நாளைக்கு யாரு மண்வெட்டி போடுவாங்களோ. குப்பைல போட்டா? தோட்டத்துக் குப்பைய என்னா பண்றாங்கன்னு எல்லாருக்கும் தெரியும், குழில போட்டு நெருப்பு வைக்கறதுதான். எரியறப்ப தண்ணி ஊத்தி அணைக்கலாம்னும் நெனைக்கக்கூடாது, எரியற மெக்னீசியம் தண்ணிய பிரிச்சி ஹைட்ரஜன் ஆக்கி இன்னும் எரியும். கடல்லயே போட்டுரலாமேன்னா அதுவும் கூடாது.

வெளிநாட்டுல எல்லாம் இதுக்கு ஒரு கவுண்டர் இருக்கும்னு நான் நெனச்சேன். தேடி பாத்தா, இங்கிலாந்துலயே கோஸ்ட்கார்டு இலவசமா வாங்கிக்கிட்டிருந்தத 2021 முடிவோட நிப்பாட்டிட்டாங்க, இனிமே வித்த கடைல கேளு, காசு குடுத்து ஒப்படைன்னு. பாக்கப்போனா ஊரு ஊருக்கு படகுக்காரன் வீட்டு கராஜுல இதே மாதிரி ஒரு கேன் இருக்கும்போல. நம்ம ஊருல இது 1956ம் வருஷத்து 21ம் இலக்க வெடிபொருள் சட்டத்துக்குள்ள வர்ற சாமான், அதாவது சும்மா வச்சிருக்கறதே கேள்விக்குரியது. அப்ப ஒரே வழிதான். போலீஸ்ல சொல்றது.

அந்த வார்த்தைய நான் சொன்னதும் அம்மா மொகம் மாறிருச்சி.

தேதி

அன்னைக்கு ராத்திரி அம்மா ஒண்ணும் பேசாம இருந்தாங்க. மறுநாள் காலைல, எத்தன உருப்படி, என்னா தேதின்னு எழுதி வச்சிக்கிட்டா போலீஸ்ல கேக்கறப்ப சொல்லலாமேன்னு, உரக் காம்பராக்கு போயி, தொடாம, போன் டார்ச்ச அடிச்சி ஒவ்வொண்ணோட முதுகுல இருக்கற எழுத்த படிச்சி கொப்பில எழுதினேன். அம்மா வாசப்படில நின்னாங்க. செஞ்ச தேதி, முடியற தேதி ரெண்டும் இருக்கும். முடியற தேதி மட்டும் சத்தமா சொன்னேன். 2002. 2003. 2003. 2003. 2004. 2004. 2005. 2005. 2006. கடைசி ராக்கெட்டுல 2006 நவம்பர்.

அதுக்கப்பறம் இல்ல. நான் மொதல்ல அத கவனிக்கல, எழுதி முடிச்சி கொப்பிய மூடறப்பதான் தட்டுச்சி. மாமா அங்க வேல செஞ்சது 2015 வரைக்கும். வருஷா வருஷம் தீவாளிக்கும் திருவிழாவுக்கும் வந்தாரு. 2006க்கு அப்பறம் ஒம்போது வருஷம், ஒண்ணே ஒண்ணு கூட கொண்டாரல. "ஏம்மா?"ன்னு கேட்டேன்.

"அப்பதானடி ரோட்டுல செக்கிங் இல்லாம இருந்துச்சி"ன்னாங்க அம்மா.

சமாதானம்னு சொன்ன அந்த நாலு வருஷம். 2002 மாசில அரசாங்கமும் புலிகளும் கையெழுத்து போட்டாங்க, 2006 நடுவுல சண்ட திரும்ப ஆரம்பிச்சிருச்சி. அந்த எடவெளிலதான் ஒரு தோட்டத்துத் தமிழ் ஆளு கொழும்புல இருந்து பேக்க தூக்கிக்கிட்டு பஸ்ல ஏறி, பேக்க யாரும் தொறக்காம பண்டாரவளைல எறங்க முடிஞ்சிருக்கு. மாமா ஆச வச்சி கொண்டாந்தாரு, கூத்துக்கு ஒண்ணு கொளுத்தினாரு, மிச்சத்த சேத்து வச்சாரு. அதுக்குள்ள காலம் மாறிப்போச்சி. 2006 கடைசில கொழும்புல அவரு தங்கியிருந்த லொட்ஜுல ராத்திரி ரவுண்டப், ஐ.டில தோட்ட அட்ரஸ், தமிழ்ப் பேரு, ஒரு ஸ்டேஷன்ல ரெண்டு நாள் உக்கார வச்சிட்டு விட்டாங்களாம். இது எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். அந்த ரெண்டு நாளும் மாமா என்னாத்த நெனச்சிருப்பாரு? எங்க வீட்டு அட்ரஸ எழுதி எடுத்திருக்காங்க, அந்த அட்ரஸுல பரண் மேல "ராக்கெட்"னு இங்கிலீஷ்ல பெருசா அச்சடிச்ச நாலு கொழா. 2000 ஒக்டோபர்ல பிந்துனுவெவ முகாம்ல அடச்சி வச்சிருந்த தமிழ்ப் பொடியங்கள ஒரு கும்பல் கொன்னது எங்க லயத்துல இருந்து எத்தன தூரம்? அத கண்ணால பாக்காட்டியும் அந்த வாரம் அம்மா எங்கள ஸ்கூலுக்கு அனுப்பல, அது எனக்கே ஞாபகம் இருக்கு.

வெளிய எடுத்து போகவும் முடியாது, வீட்டுல இருக்குன்னு சொல்லவும் முடியாது, கொளுத்தி முடிச்சிரலாம்னா ஊரே பாக்கும். அவரால முடிஞ்சது "தீந்துருச்சி"ன்னு ஒரு பொய்யும் வெறகுக்குப் பின்னால ஒரு எடமும்தான். அப்பறம் 2009 வந்துச்சி, சண்ட முடிஞ்சிச்சி, ஆனா பயம் முடிஞ்ச தேதிய யாரும் அச்சடிச்சி ஒட்டல. ஒரு வருஷம் சொல்லாம விட்டா அடுத்த வருஷம் "ஏன் இத்தன நாளா சொல்லல"ங்கற கேள்விக்கு பயம். பத்து வருஷம் ஆனா பத்து வருஷத்து கேள்வி. நாலு வருஷம் அந்த அடுப்படில உக்காந்து குளிர் காஞ்சப்ப தலைக்கு மேல என்னா இருக்குன்னு தெரிஞ்ச ஒரே ஆளு அவருதான். நான் அவர கொஞ்சம் சோம்பேறின்னு நெனச்சிருந்தேன், வேலைய விட்டு வந்து சும்மா அடுப்படியிலயே கெடக்காருன்னு. காவல் காத்துக்கிட்டு இருந்தாரோ என்னமோ.

கடல் எங்க இருக்கு

போலீஸுக்கு நாங்க நேரா போகல, நேரா போற தைரியம் எனக்கும் இல்ல. ஜி.எஸ்கிட்ட, அதான் கிராம சேவகர்கிட்ட, மொதல்ல சொல்லி, ரிட்டயர் ஆன ஒரு பிரின்சிபல் சாரையும் கூட்டிக்கிட்டு போனோம். சாமான கொண்டு போகல, அத தூக்கிட்டு ஆட்டோல போயி கவுண்டர்ல வைக்கறது மாதிரி முட்டாள்தனம் வேற இல்லன்னு முகத்துவாரத்து அண்ணன் திரும்பத் திரும்ப சொல்லியிருந்தாரு. போட்டோவும் கொப்பியும் மட்டும். உள்ள இருந்த சார்ஜன்ட் போட்டோவ பாத்துட்டு "அலி வெடித?"ன்னாரு. வெல்லவாய பக்கம் யானை வெரட்ட குடுக்கற வெடின்னு நெனச்சிட்டாரு. இல்ல சார், இது கப்பலுக்குன்னு பிரின்சிபல் சார் வெளக்கினாரு, கடல்ல ஆபத்துன்னா கொளுத்தறது. அப்பதான் அந்தக் கேள்வி. "மெஹே முஹுத கொஹெத?" இங்க ஏது கடல்?

எனக்கு அந்த நேரத்துல சிரிப்பு வந்துருச்சி, பயத்துல வர்ற சிரிப்பு. ஏன்னா கடல் தெரியும். மழ விட்ட காலைல எங்க லயத்து மேல இருக்கற பாறைல ஏறி நின்னா தெக்கால சமவெளி பூரா விரிஞ்சி, அதுக்கு அந்தப்பக்கம் அம்பாந்தோட்ட கிட்ட வெள்ளையா ஒரு கோடு. எழுவது கிலோமீட்டருக்கு மேல இருக்கும். மாமா என்ன தோள்ல தூக்கி வச்சி காட்டினது அந்தக் கோட்டத்தான், "அங்கதான் பாப்பா நான் மடிச்ச ராஃப்ட்டு எல்லாம் போகுது"ன்னு. தேவேந்திரமுனைக்குக் கீழால போற கப்பல் பாத உலகத்துலயே கூட்டமான பாதைல ஒண்ணு. இத எல்லாம் நான் சார்ஜன்ட்டுகிட்ட சொல்லல. "கிளியரா இருந்தா தெரியும் சார்"னு மட்டும் சொன்னேன், தமிழ் தெரிஞ்ச கான்ஸ்டபிள் அத மொழிபெயர்த்தாரு, சார்ஜன்ட்டும் சிரிச்சிட்டாரு.

மிச்சத்த நீட்டல. வாக்குமூலம் எழுதினாங்க, சிங்களத்துல, பிரின்சிபல் சார் படிச்சி சொன்னப்பறம் கையெழுத்து போட்டேன். யாரு கொண்டாந்தது? மாமா. அவரு எங்க? செத்துட்டாரு. மூணாம் நாள் வெடிபொருள் கையாள்றவங்க ஜீப்புல வந்தாங்க, மணல் போட்ட பெட்டில ஒண்ணொண்ணா அடுக்கினாங்க, உப்பின ஃப்ளேர தனியா. அரை மணி நேரம். யாரும் எங்கள மெரட்டல. பதினெட்டு வருஷம் பயந்த விஷயம் அரை மணி நேரத்துல முடிஞ்சது நல்லதுதான், ஆனா அத பாத்துக்கிட்டு நின்னப்ப எனக்கு கோவம்தான் வந்துச்சி, யாரு மேலன்னு தெரியல. இது சுலபமா முடிஞ்சது 2024ங்கறதால, பிரின்சிபல் சார் கூட வந்ததால. இதயே 2007ல மாமா செஞ்சிருந்தா அரை மணி நேரத்துல முடிஞ்சிருக்கும்னு என்னால எழுத முடியாது.

மழ

இதோட முடிஞ்சிருந்தா அம்மா புலம்பறதுக்கு ஒண்ணும் இல்ல. அந்த வருஷம் கடைசி மழைல எங்க லயத்துக்கு மேல மண்ணுல வெடிப்பு விட்டுச்சி, மண்சரிவு எச்சரிக்க வந்து எல்லாரையும் ஸ்கூல் ஹோலுக்கு போகச் சொன்னாங்க. கரண்ட் இல்ல, டவர் வேல செய்யல, ஆபத்துன்னா கூப்புடற 117க்கு அடிக்கணும்னாலும் சிக்னலுக்கு பாற மேல ஏறணும், அந்த மழைல யாரு ஏறுவா. அன்னைக்கு ராத்திரி பாயில உக்காந்துக்கிட்டு அம்மா மொத தடவ சொன்னாங்க, "அந்த ராக்கெட்டு ஒண்ணு இருந்திருந்தா மேல விட்டுருக்கலாம்ல, எவனாவது பாத்திருப்பான்ல."

நான் சொன்னேன், அந்தப் பனி மூட்டத்துல பத்தடிக்கு மேல தெரியாதும்மா, ராக்கெட்டு மேகத்துக்குள்ள போயிரும், அதுவும் எரியுமோ எரியாதோ. அது சரியான பதில்தான். ஆனா அம்மா சொன்னதுல "எவனாவது பாத்திருப்பான்"ங்கறது என்ன விடல.

கடல்ல செவப்பு வெளிச்சம் பாத்தா போகணும்ங்கறது சட்டம். எந்த நாட்டுக் கப்பலா இருந்தாலும், எந்த அவசரத்துல போயிட்டு இருந்தாலும் கேப்டன் திருப்பி ஓட்டணும், போக முடியலன்னா ஏன் போகலன்னு லொக் புக்குல, அதான் கப்பல் குறிப்பேட்டுல, எழுதி வைக்கணும். அதனாலதான் வெளையாட்டுக்கு கொளுத்தறதும் 1972 கடல் போக்குவரத்து விதிப்படி கூடாது, மாமா செஞ்சது கடலோரத்துல நடந்திருந்தா யாராவது படக எடுத்துக்கிட்டு தேடப் போயிருப்பாங்க. இந்த ஏற்பாடும் சும்மா வந்துரல. 1912ல டைட்டானிக்ல இருந்து எட்டு ராக்கெட்டு போல விட்டாங்க, கலிஃபோர்னியன்னு ஒரு கப்பல் பக்கத்துல நின்னுச்சி, அதுல காவலுக்கு இருந்தவங்க கண்ணால பாத்தாங்க, என்னாத்துக்கு விடறாங்களோன்னு பேசிக்கிட்டாங்க, போகல. வயர்லஸ் ஆளு தூங்கிட்டாரு. சோலாஸ் 1914ல வந்தது அந்த ராத்திரிக்கு அப்பறம்தான். ராக்கெட்டு பிரச்சினையே இல்ல அன்னைக்கு, எட்டும் நல்லாத்தான் எரிஞ்சிச்சி, தேதியும் முடியல.

எங்க பக்கம் மீரியபெத்தய பாருங்க. 2014 ஒக்டோபர் 29 காலைல மல சரிஞ்சிச்சி. அந்த மண்ணு ஆபத்துன்னு 2005லயும் சொன்னாங்க, 2011லயும் சொன்னாங்க. சிக்னல் இல்லாம இல்ல. சனம் எந்திரிச்சி போறதுக்கு எடம் எங்க, யாரு குடுத்தா? நாங்க மேல ராக்கெட்டு விட்டா, அத பாத்தா வரணும்னு யாருக்கு எந்த லொக் புக்குல எழுதியிருக்கு? இத எல்லாம் அம்மாகிட்ட அந்த ராத்திரில சொல்லல. சொன்னாலும், "எரியாட்டி போகுது, கையில ஒண்ணு இருந்திருந்தா மனசுக்கு தெம்பா இருந்திருக்கும்டி"ன்னுவாங்க, அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

பத்து மணி போல மேல் லயத்து ஆளுங்க கொஞ்சம் பேரு நனஞ்சிக்கிட்டு வந்தாங்க, மாட்டுக்காக அங்கயே தங்கிட்ட நாலு குடும்பம் இன்னும் இருக்குன்னு. எங்க ஆளுங்களும் அவங்களும் பேசி ஒரு முடிவுக்கு வந்தாங்க. கோயில்ல இருந்த தப்பு மேளத்த எடுத்துட்டு போயி மேல் லயத்து இஸ்தோப்புல வைக்கறது, மண்ணு அசையற சத்தம் கேட்டா அடிக்கறது. கீழ ஸ்கூல் வாசல்ல ரெண்டு ரெண்டு பேரா, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு செட்டு, முழிச்சிருந்து கேக்கறது. கேட்டா ஏறிப் போறதுக்கு ஆறு பேரு, கயிறு, டார்ச்சு. யாரு யாரு எப்பன்னு பிரின்சிபல் சார் கரும்பலகைல எழுதினாரு.

அக்கா மகனுக்கு ரெண்டுல இருந்து நாலு. மழக்கோட்டு அவனுக்கு பத்தல, மாமாவோட பழச மாட்டிக்கிட்டு போனான். அம்மா தூங்காம உக்காந்திருந்து ஃப்ளாஸ்க்குல சாயத்தண்ணி ஊத்தி குடுத்து, "சாஞ்சி உக்காராத, தூங்கிருவ"ன்னாங்க.